தெரு சொல்ல வேண்டிய பாதி

மாதா சப்பரம் மூன்றாவது வீட்டை விட்டுப் புறப்பட்டாயிற்று.

விண்ணரசியின் அம்மா தன் வாசலில் சிறுமேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரியும் ஏற்றிவிட்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க அந்த ஊரில் யாருக்கும் அனுமதி இல்லை.

ஊர்விலக்கம் போட்டு இன்றோடு இருபத்தாறு நாள். அவளோடு பேசக்கூடாது, அவள் கேட்டால் பதில் சொல்லக்கூடாது. மீறினால் மீறியவர் வீட்டுக்கும் அதே விலக்கம். நேற்றுக்கூட அவள் உப்பு கேட்டபோது கடைக்காரர் கடலில் கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் செய்த குற்றம் இதுதான். புருஷன் கையை முறித்து அனுப்பிய மகள் விண்ணரசியைக் கூட்டிக்கொண்டு, ஊர்க் கமிட்டிக்குப் போகாமல் நேரே போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினாள். கமிட்டித் தலைவர் செலஸ்டின். கையை முறித்தவன் அவர் மகன். திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்க அவளுக்குப் பைத்தியமா?

புகாரை வாபஸ் வாங்கினால் விலக்கம் தீரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இன்று மத்தியானம் விண்ணரசியே அந்தப் பேச்சை எடுத்தாள். நாளைக்குப் போய் வாபஸ் வாங்கிவிடலாம் என்றாள். நமக்காக வாய் திறக்க இந்த ஊரில் ஒருத்தராவது உண்டா என்று கேட்டாள்.

"சாயங்காலம் பாப்போம்" என்றாள் இவள்.

அக்டோபர் முழுக்க மாதா சப்பரத்தில் தெருவுக்கு வருவது வழக்கம். நாளுக்கு ஐந்து வீடு, வீட்டுக்கு ஜெபமாலையில் ஒரு பத்து மணி. தேவ இரகசியத்தையும் பரலோக மந்திரத்தையும் கோயில் உபதேசியார் நடந்துகொண்டே மைக்கில் சொல்லிவிடுவார். அருள் நிறைந்த மந்திரம் பத்தும் வீட்டுக்காரிக்கு. முதல் பாதியை அவள் சொல்ல, மறுபாதியைத் தெரு சொல்லும். தொடங்கிய பத்து முடியாமல் சப்பரம் நகரக்கூடாது.

வரிசைப்படி இன்று நாலாவது அவள் வீடு. காலைப் பூசையில் பெயர்களை வாசித்தபோது அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டை வாசித்தார்கள்.

மனுஷர்கள் பேசாவிட்டால் போகட்டும். மாதாவை விலக்கிவைக்க இவர்கள் யார்? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சப்பரம் வந்தது. நாலு பெண்கள் சுமந்தார்கள். முன்தண்டில் பிலோமியும் மதலேனும். மதலேன் செலஸ்டினின் மனைவி, இவளுக்குச் சம்பந்தி. மதலேனுக்கு முன்பல் ஒன்று இல்லை. பேசினால் சொல்லோடு காற்றும் விசிலாக வரும். படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி இருபது வருஷம் ஆகிறது. விண்ணரசியின் கைக்கும் அந்தப் படியைத்தான் காரணம் சொன்னார்கள். அந்த வீட்டில் பெண்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்கள்.

உபதேசியார் பரலோக மந்திரத்தை முடித்தார். சப்பரம் அவள் வாசலைக் கடக்க இரண்டு எட்டு இருந்தது.

அவள் தெருவில் இறங்கினாள். ஜெபமாலையின் முதல் மணியைப் பிடித்தாள்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

மைக் இல்லை. மீன் விற்ற குரல், கடைசி வீடுவரை போனது. முதல் பாதியைத் திருவயிற்றின் கனிவரை சொல்லி நிறுத்தினாள்.

சப்பரம் நின்றுவிட்டது.

தெரு வாயை மூடிக்கொண்டு நின்றது. அறுபது எழுபது பேர். அவரவர் கால்விரலை அவரவர் பார்த்தார்கள்.

செலஸ்டின் முன்னால் வந்து, தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்.

"பத்து தொடங்கியாச்சே அண்ணாச்சி" என்றாள் பிலோமி. "எப்படி நவுத்த?"

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தரும் பதில் சொல்லப்படாது. சொன்னா அந்த வீட்டுக்கும் இதே விலக்கந்தான். யார் வீடானாலும் சரி."

அவள் மணியை நகர்த்தவில்லை. பாதி மந்திரம் எண்ணிக்கையில் சேராது. மறுபடியும் முதலில் இருந்து சொன்னாள்.

கடல் இரைந்தது. வேறு சத்தம் இல்லை.

வீட்டுக்குள் விண்ணரசி பதில் சொல்ல வாயெடுத்தாள். இவள் திரும்பாமலே கையமர்த்தினாள். வீட்டுக்குள் இருந்து வரும் பதில் அவளுக்கு வேண்டாம். இது தெரு சொல்ல வேண்டியது.

மூன்றாவது முறை சொன்னாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். விடிய விடிய நின்றாலும் சொல்வாள்.

உபதேசியார் மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாதாவைப் பார்த்தார். மாதா யாரைப் பார்த்தது என்று தெரியவில்லை.

மெழுகுதிரி அணைந்தது. அவள் கவனிக்கவில்லை. கண் மணியிலேயே இருந்தது.

நான்காவது முறை.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

முடித்தாள். காத்திருந்தாள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே..."

ஒரே ஒரு குரல். மெலிந்த குரல். சொல்லோடு காற்றும் விசிலாக வந்தது.

அந்த விசில் யாருடையது என்று தெருவுக்கே தெரியும். செலஸ்டினுக்கும் தெரியும். அவர் திரும்பிப் பார்த்தார். குரல் நிற்கவில்லை. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்றது, மரண நேரம் என்றது, ஆமென் சொல்லித்தான் முடித்தது.

விண்ணரசி கட்டுப்போட்ட கையோடு வாசலுக்கு வந்தாள். அணைந்த திரியை எடுத்து மறுபடி ஏற்றிவைத்தாள்.

இவள் முதல் மணியைத் தள்ளினாள்.

இன்னும் ஒன்பது இருந்தது.