நாற்பத்திரண்டாவது படகு

“சிவகணேஷ் சார் மனுசனே இல்ல.”

வண்ணார்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் எல்லாரும் சொல்வது இதுதான். வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாளே ஸமீஹாவும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

கடலுக்குப் போன படகுகளின் சிக்னலை வாங்கி மேப்பில் காட்டுவது அவர்கள் புரோகிராம். படகுச் சங்கம் மாதாமாதம் பட்டியல் அனுப்பும். கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடத் தயாராகும்போதே, புரோகிராம் அதை வாசித்து, என்னென்ன படகு உண்டு என்று தானே ஒரு ‘வகை’யை, அதாவது தனக்கான ஒரு பெயர்த்தொகுப்பை, உருவாக்கிக்கொள்ளும். அதில் பெயர் இல்லாத படகின் சிக்னல் நேரே குப்பைக்குத்தான்.

கையால் யாராவது ஒரு பெயரைச் சேர்த்தால் போச்சு. “பட்டியல்ல இல்லேன்னா படகே இல்ல வே!” என்று குதிப்பார் சார்.

ஸமீஹா இன்றுதான் முதன்முறையாக இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். பட்டியலில் நாற்பத்தொரு படகு. கம்பைல் ஆகி வந்ததில் நாற்பத்திரண்டு.

கூடுதலாக நின்றது ‘ஸ்டெல்லா மேரி’. இரண்டு வருடம் முன்பு கடலில் காணாமல் போன படகு. அதில் போனவர், பக்கத்து சீட் கிருபைராஜின் அப்பா.

இது கிருபைராஜ் வேலைதான். சாருக்குத் தெரிந்தால் தொலைந்தார். பைய அவர் பக்கம் போனாள்.

“கிருபைண்ணே, ஸ்டெல்லா மேரி பேர எடுத்தாச்சுல்லா?”

கிருபைராஜ் திரையை விட்டுத் திரும்பவில்லை.

“சங்கம் பேர வெட்டின அன்னைக்கே, புதுப் பட்டியல என் கையாலயே ஏத்தச் சொல்லிட்டாரு சார். ‘கொஞ்ச நாள் கெடக்கட்டும் சார்’னு கெஞ்சினேன். கேக்கலியே.”

ஸமீஹா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கய்யா எங்கனயாவது கரையேறி படகு சிக்னல் கருவியத் தட்டிவிட்டா என்ன செய்ய ஸமீஹா? நம்ம புரோகிராமே தள்ளிரும்லா. அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு.”

இவருக்கே தெரியாதா? அப்படியென்றால் சேர்த்தது யார்?

ஸமீஹா சீட்டுக்கு வந்து, வகையை உருவாக்கும் பகுதியைத் திறந்தாள். அந்த ஒரு வரி இருந்தது. எழுதியவர் பெயரும் தேதியும் இருந்தன. ஸ்டெல்லா மேரி இல்லாத முதல் பட்டியல் ஏறிய தேதி; கிருபைராஜ் கெஞ்சிய அதே நாள். எழுதியவர், சிவகணேஷ்.

பக்கத்தில் ஒரு குறிப்பு:

‘இந்த வரியை யாரும் எடுக்கக் கூடாது. கிருபைக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் காத்துக்கொண்டே கிடப்பான். சிக்னல் வந்தால் என் போனுக்கு வரும். அன்றைக்கு நானே அவனை வண்டியில் அந்த இடத்துக்குக் கூட்டிப் போகிறேன்.’