பச்சைக் கறியா, பாக்கெட் தீனியா?

“ஏங்க, குட்டி நாய்க்குப் பச்சைக் கறியவா போடுறீக?” அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள் பொன்னுத்தங்கம்.

“பின்ன? கோழித்தீனி கணக்கா இருக்குற ஒம் பாக்கெட் தீனிய எந்த நாயி திங்கும்?” என்றார் அவள் கணவர், வெடிக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன்.

“வயித்துல பூச்சி வைக்குங்க! பாக்கெட் தீனிதான் போடணும்னு உங்க மகளே சொன்னா.”

“எங்கிட்ட பச்சைக் கறிதான்னு சொன்னா!”

குட்டியை வாங்கி அனுப்பியவளே மகள் ஐஸ்வர்யாதான். விருதுநகரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுக்கு உடனே போன் போட்டார்.

“ஏட்டி, என்ன ஆளுக்கொண்ணாச் சொல்லி வச்சிருக்க?”

“வேணும்னுதாம்ப்பா சொன்னேன். எது போட்டாலும் ஒத்துக்கிடும்னாரு மாட்டு டாக்டரு.”

“பின்ன எதுக்கு இந்தக் குசும்பு?”

“தீபாவளியன்னைக்கும் லோடு ஏத்தப் போயிட்டீகன்னு அம்மா உங்ககூடப் பேசுறதையே விட்டுட்டா. நீங்களும் வீம்புக்கு வாயத் தொறக்கல. எம்புட்டு மாசமாச்சு! இப்பப் பேசினீகளா, இல்லையா?”

சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தபடி அவர் பதிலுக்குக் காத்து நின்றாள் பொன்னுத்தங்கம்.

“என்னப்பா, எந்தத் தீனின்னு முடிவாச்சா?”

“அதெல்லாம் ஒரு நாள்ல பேசித் தீருற விசயமா?” என்று போனை வைத்தவர், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“தங்கம், இங்கன வந்து உக்காரு.”