முதல் எழுத்து

“எலினா! அண்ணே, இதைவிட ஸ்டைலான பேரு இந்த ஜில்லாவுலயே கிடையாது, கேட்டியா?” என்றாள் ஜாஸ்பின்.

மறுநாள் காலையில் ஞானஸ்நானம். வடசேரியில் எட்சனின் வீட்டுக் கூடத்தில் குழந்தை தவழ்ந்து கொண்டிருந்தது. பிறந்து பத்து மாதமாகியும் அவளுக்குப் ‘பாப்பா’ என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

எட்சனின் தங்கை ஜாஸ்பின் எல்.கே.ஜி. டீச்சர். பெண் குழந்தைகளின் பெயர் விஷயத்தில் அந்தத் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“இப்போ டிரெண்டு இதுதான். முதல் எழுத்து அப்பாவுக்கு. ரெண்டாவது அம்மாவுக்கு. கடைசியில ஒரு ‘னா’, இல்லேன்னா ஒரு ‘ஷா’. எட்சன், லிஜி. எ, லி, னா! எனக்க கிளாஸ்ல பிரீனா இருக்கு, ஷெரினா இருக்கு, அனுஷா ரெண்டு இருக்கு. எலினா மட்டும் இல்லை.”

“ஸ்கூல்ல எல்லாரும் ‘எலி, எலி’ன்னு கூப்பிடும்,” என்று எட்சன் சிரித்தான்.

“அப்போ எலிஷா?”

“அதுலயும் எலி ஓடுதே!”

குழந்தையின் வெள்ளை கவுனை இஸ்திரி போட்டுக் கொண்டிருந்த அம்மா ஞானம் தலை நிமிராமல் சொன்னாள். “எலியோ பூனையோ, பேரு ‘எ’யில தொடங்கணும் மக்கா. அவ்வளவுதான் எனக்கு.”

“நான் பேரு யோசிச்சு வச்சாச்சும்மா,” என்றான் எட்சன். “ஜெலினா.”

ஜாஸ்பின் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். ஞானத்தின் இஸ்திரிப் பெட்டி நின்றது.

“ஜெ எதுக்குலே?” என்றாள் ஞானம்.

“ஜெபம், ஜெயம்... எல்லாம் நல்ல வார்த்தைதானே?”

“ஜெபமும் வேண்டாம், ஜெயமும் வேண்டாம். நீதான் அப்பன். உனக்க எழுத்துதான் முன்னால வரணும். நாளைக்கு இவ ஸ்கூலுக்குப் போகும்போ ஒருத்தரும் ஒண்ணும் கேட்கப்பிடாது. பேரைச் சொன்ன உடனே எட்சனுக்க பிள்ளைன்னு ஊருக்குத் தெரியணும்.”

“பேரு ஊருக்கில்லைம்மா, பிள்ளைக்கு.”

“ஏட்டி லிஜி, நீயாவது இவனுக்குச் சொல்லு!”

சமையலறை வாசலில் நின்ற லிஜி சேலை முனையை விரலில் சுற்றினாள். “மாமி சொல்லுகதே சரி. ‘எ’யே வைப்போம். எனக்கு அது போதும்.” குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எட்சன் பின்னாலேயே போனான்.

“ஜெலினா உனக்குப் பிடிக்கல்லியா?”

“அதில்லை. மாமி மனசு நோகும். பாவம், நமக்காக எவ்வளவோ விட்டுக்குடுத்தாச்சு.”

“அம்மாவை எனக்குத் தெரியும். ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கும். பெறவு பிள்ளையை மடியை விட்டு இறக்காது. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. பிடிச்சிருக்கா?”

லிஜி குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

“அப்போ பேரு முடிஞ்சு,” என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததும் எட்சன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கேக் வாங்கத்தான் போகிறான் என்று ஜாஸ்பின் நினைத்தாள். அவன் வீட்டுக்குத் திரும்பாமல் ஆலயத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் முன்னால் போய் லிஜியின் பக்கத்தில் நின்றுகொண்டான். ஞானம் அவன் பக்கம் திரும்பவில்லை.

போதகர் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டார். “இந்தக் குழந்தையின் பெயர் என்ன?”

லிஜி கணவனைப் பார்த்தாள். ஞானமும் பார்த்தாள்.

“ஜெலினா,” என்றான் எட்சன், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி.

நெற்றியில் தண்ணீர் பட்டதும் ஜெலினா வீரிட்டாள். ஆலயமே சிரித்தது. ஞானம் மட்டும் சிரிக்கவில்லை.

குழந்தையை வாங்கிய எட்சன் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. நடுப்பாதை வழியே நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனான். சுவரோரமாக, முக்காட்டை இழுத்துவிட்டபடி வெள்ளைச் சேலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலையில் திருவட்டாறு வரை போய் அவன் அழைத்து வந்தது அவளைத்தான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையசைக்க, அவன் விடாமல் கையைப் பிடித்து எழுப்பி முன்னால் கூட்டி வந்தான்.

ஞானம் அந்தப் பெண்ணையே பார்த்துக் கொண்டிருந்தாள். மெதுவாக நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

எட்சன் குழந்தையை அந்தப் பெண்ணின் மடியில் வைத்தான்.

“பூங்கனி மாமி, உங்க ஜெபிஷுக்க பிள்ளைக்குப் பேரு வச்சாச்சு.”

குவைத்துக்குப் போன மகன் ஜெபிஷ் சவப்பெட்டியில் திரும்பி வந்த பிறகு, கைக்குழந்தையோடு நின்ற மருமகள் லிஜியை இரண்டு மாதத்துக்கு முன்பு தானே முன்னின்று எட்சனுக்குக் கட்டிக்கொடுத்த பூங்கனி, “ஜெலினா” என்று முதல் தடவையாகப் பேத்தியைக் கூப்பிட்டாள்.