தண்ணீர் இல்லாத குழு

சாய்வு நாற்காலியில் படுத்ததும் அவருக்கு முதலில் கேட்டது அமைதிதான்.

இத்தனை வருடத்தில் இந்த இரத்த வங்கியில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

எப்போதும் மனைவி பிரம்மசக்தி பக்கத்தில் நின்று திட்டுவாள். ஊசி ஏறும்போது தொடங்கினால் பை நிரம்பும்போதுதான் நிறுத்துவாள்.

அவர் உப்பு லாரி ஓட்டுகிறவர். செங்கோட்டை மலைப்பாதையில் அவர் மீசையைப் பார்த்து யானை ஒன்று ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. பிறகு தும்பிக்கையை ஆட்டிப் போகச் சொன்னது. அப்பேர்ப்பட்டவருக்கு ஊசியைக் கண்டால் மட்டும் காது அடைத்துவிடும்.

ஆனால் ஒருமுறைகூட மயங்கியதில்லை.

அவள் திட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் மயங்கிப்போக யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்த முறை ஓர் ஆய்வு. இரத்தம் கொடுப்பவர்கள் ஏன் மயங்குகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு முன்னதாக அரை லிட்டர் தண்ணீர். மீதிப் பேருக்கு அது கிடையாது. துணைக்கு வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கவேண்டும்.

உள்ளே வரும் முன், கதவருகே வைத்துத்தான் டாக்டரம்மா குலுக்கல் சீட்டைப் பிரித்தார்.

“உங்களுக்குத் தண்ணி இல்லாத குழு, ஐயா.”

பிரம்மசக்தி குடிப்பதற்காகத் திறந்த பாட்டிலை அப்படியே திருகி மூடினாள். அவர் அதைப் பார்த்தார்.

மயங்கினால் அவ்வளவுதான். வயதும் ஆகிறது, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

தலைப்பிரசவத்தில் அவள் வெளுத்துக் கிடந்தபோது யாரோ ஒருவர் கொடுத்த இரத்தம்தான் ஏறியது. அந்த ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அதனால் அவர் ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஊசி ஏறியது.

ரப்பர் பந்தை அமுக்கினார். காதுக்குள் கடல் வந்தது. தூத்துக்குடிக் கடல் மொத்தமும் வந்தது. இரண்டு கப்பல்கள் ஊதிக்கொண்டே உள்ளே நுழைந்தன. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. டாக்டரம்மாவின் முகம் மஞ்சளாகி, தூரமாகப் போயிற்று.

கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது.

சத்தம் வரவில்லை. தேவையும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு மனப்பாடம்.

‘கண்ண மூடாதீய. நல்ல ரோட்ட விட்டுட்டு பனமரத்துல லாரிய ஏத்துன ஆளுதான நீங்க. மூடுனீயோ, வீட்டுப் படி ஏற விடமாட்டேன்.’

கடல் பின்வாங்கியது. கப்பல்கள் வந்த வழியே திரும்பின. மின்விசிறி சுற்றியது.

பை நிரம்பியது. ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்தார்கள்.

தண்ணீர் குடிக்காமலே இந்த மனிதர் எப்படித் தாங்கினார் என்று டாக்டரம்மா யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது வெளியே பொத்தென்று ஒரு சத்தம்.

“ஐயா, எந்திரிக்காதீங்க!”

அவர் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார்.

அவள் பெஞ்சில் சரிந்து கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன. சித்திரை வெயிலில் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மடியில் தண்ணீர் பாட்டில், கழுத்துவரை நிரம்பியபடி.

நர்ஸ் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அசைவில்லை.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அமுக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

இத்தனை காலக் குடித்தனத்தில் அவர் அவளைத் திட்டியதே இல்லை. வாய்ப்புக் கிடைத்ததில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

“ஏட்டி,” என்றார். “நேத்து நீ வச்ச மீன்கொழம்புல... உப்பே இல்ல.”

ஒரு கண் திறந்தது.

“மூணு தடவ வாங்கி ஊத்துனீயளே. அப்பத் தெரியலியோ?”

அவர் பாட்டிலைத் திறந்தார்.

முதல் மடக்கை யார் குடிப்பது என்பதில் கொஞ்ச நேரம் போயிற்று.