மரத்தைத் தட்டிப் பார்த்தவர்

"வணக்கம் ஐயா" என்று கிங்கா மூன்று முறை சொல்லிவிட்டாள். மரப் பரிசோதகர் ஜெனோன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. முதுகைக் காட்டியபடி அந்த லிண்டன் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"யப்பா, என்ன திமிரு!" பள்ளிக்கூட வேலியோரம் நின்ற பெற்றோர் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வௌவால் பாதுகாப்புச் சங்கத்துக்காரங்க மத்தியானம் வாங்கிக் குடுத்த பியரோகிக் கொழுக்கட்டை இன்னும் செரிக்கல போல!"

கூட்டம் சிரித்தது. கிங்கா சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் ஊர்த் தலைவியாக இருந்துகொண்டு வாயை விட முடியுமா?

செவ்வாய்க்கிழமை அந்த மரத்தின் காய்ந்த கிளை ஒன்று முறிந்து, கீழே இருந்த பெஞ்சின் மேல் விழுந்தது. கிங்காவின் மகள் நெல்கா அங்கிருந்து எழுந்து போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று போன தூக்கம் கிங்காவுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

நாளை பள்ளியின் கடைசி நாள். வெள்ளைச் சட்டை போட்ட நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் சான்றிதழ் வாங்குவார்கள். காலங்காலமாக அதுதான் ஊர் வழக்கம்.

மரம் உறுதி என்று ஜெனோன் எழுதிக் கொடுத்துவிட்டால் விழா அங்கேயே நடக்கும். உறுதியில்லை என்றால், மேலே உள்ள கிளைகளை எல்லாம் இறக்கிப் பாரத்தைக் குறைத்து, பொந்திலே இருக்கும் வௌவால்களுக்காக அடிமரத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். குட்டிகள் இருக்கிற ஜூன் மாதத்தில் ரம்பச் சத்தமே ஆகாது என்பது வௌவால் சங்கத்தின் பிடிவாதம். அதனால்தான் ஊருக்கு ஜெனோன் மேல் இத்தனை சந்தேகம்.

ஜெனோன் ரப்பர் சுத்தியை எடுத்தார். இடது உள்ளங்கையைப் பட்டையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்களை மூடித் தட்டினார்.

டொக்.

ஓர் அடி நகர்ந்து மறுபடி தட்டினார். டொக்.

"மரத்தைச் சோதிக்கிறாரா, தட்டித் தூங்க வைக்கிறாரா?" என்று வேலியோரம் ஒருவன் கேட்டான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வடக்குப் பக்கம், வேர் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் அவர் தட்டியபோது சத்தம் மாறியது. தொம்.

"ஐயா, இங்க மட்டும் வேற மாதிரி சத்தம் வருதே?" பின்னாலிருந்து கிங்கா கேட்டாள்.

காதிலேயே விழாதவர் போல அவர் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார். கிங்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மரத்தைச் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"உங்களத்தான் கேக்குறேன் ஐயா! மரம் நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்மா. இன்னும் முப்பது வருஷம் நிக்கும். உள்ள பொந்துதான், ஆனா சுத்தி இருக்கிற கட்டை நல்ல தடிமன்."

"வேர்ப் பக்கம்?"

"கல்லு மாதிரி இருக்கு."

"யார்கிட்டயும்... எதுவும் வாங்கிட்டுப் பேசலையே?"

கேட்ட பிறகுதான் கிங்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை.

"நாப்பது வருஷம்மா. ரம்பத்தத் தூக்கிட்டுக் காடு காடா அலைஞ்சுதான் இந்த வேலைக்கு வந்தேன். நான் நிக்கும்னு சொன்ன மரம் ஒண்ணுகூட இதுவரைக்கும் சாஞ்சதில்ல."

அந்தக் குரலில் பொய் இல்லை. இப்படிப்பட்ட மனிதரைப் போய் என்ன கேட்டுவிட்டோம் என்று கிங்கா கூசிப் போனாள். சத்தம் மாறியதாகத் தனக்குத் தோன்றியதெல்லாம் பயத்தினால்தான். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க ஐயா. உங்கள நானே நம்பலேன்னா ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க." கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "நெல்கா! இங்க வா. அந்த பெஞ்சுல போய் உக்காரு. எல்லாரும் பாக்கட்டும்!"

"அடிப்பாவி, பெத்த புள்ளையையா!" என்றது ஒரு குரல்.

ஜெனோன் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். பேனா நகரவில்லை. மரத்தடிக்கு ஓடுகிற சிறுமியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நெல்கா சும்மா உட்காருகிற பிள்ளையா என்ன? பெஞ்சின் மேல் அவர் வைத்திருந்த சுத்தியைக் கண்டதும் கை துறுதுறுத்தது. அதை எடுத்து, குனிந்து, வேரோரமாக ரெண்டு போடு போட்டாள். பிறகு நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"தாத்தா, இந்த இடம் மட்டும் மேளம் மாதிரி கேக்குதே, ஏன்?"

ஜெனோனின் முகம் வெளுத்துப் போயிற்று. காகிதத்தையும் பேனாவையும் போட்டுவிட்டு ஓடினார். நெல்காவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வேலி வரைக்கும் வந்துதான் மூச்சு விட்டார்.

"தள்ளிப் போங்க! யாரும் கிட்ட வராதீங்க! மரம் நிக்காது!"

கிங்கா பாய்ந்து வந்து மகளைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் முகத்துக்கு நேராக நின்று கத்தினாள்.

"நான் அப்பவே சொன்னேனே ஐயா, சத்தம் மாறுதுன்னு! ஏன் கண்டுக்காம போனீங்க?"

ஜெனோன் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசி முடித்த பிறகு, கண்கலங்கி மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் காது போய் ஒரு வருஷமாச்சும்மா."