மூன்றடிப் பெட்டி

"விட்த் எவ்வளவு வெக்கட்டும்மா?"

லிங்கராஜபுரத்தில் சவப்பெட்டி செய்யும் சின்னப்பா இப்போதெல்லாம் அகலம் என்று சொல்வதில்லை. அடுக்குமாடிக்காரர்களிடம் பேச வேண்டுமே என்று மகள் தீபிகா நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"மூணடி," என்றாள் வாசலில் நின்ற இளம்பெண். ஒரு காலில்தான் செருப்பு, சிவப்பு வார் வைத்தது. பாவம், பதற்றத்தில் அப்படியே ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

போனவர் அவ்வளவு குண்டா என்று விசாரித்தார். புருஷன்தான், ஒல்லி என்றாள். அப்படியானால் ரெண்டடியே தாராளம், மூன்றடி என்றால் குழி வெட்டுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார்.

"அகலத்தை மட்டும் குறைச்சிடாதீங்கண்ணா. வேற எதுவும் நான் கேக்கல."

கெஞ்சிய விதத்தில் அவருக்கு மனசு இளகிவிட்டது. விதவை என்று சொன்னால் நோகும். அதற்கும் மகள் ஒரு வார்த்தை தந்திருந்தாள்.

"அப்போ நீங்க... விடோவாம்மா?"

"இல்லண்ணா."

டேப்பைக் கீழே வைத்துவிட்டார். "உசுரோட இருக்கறவருக்கா பெட்டி கேக்கறீங்க? அதுக்கு நாங்க அளவு எடுக்கறதே இல்லம்மா."

"அவர் காலையிலயே போயிட்டார்ணா. ஆனா நான் விடோ இல்ல."

சின்னப்பாவுக்குக் குழப்பமாகிவிட்டது. அர்த்தத்தைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று உள்பக்கம் திரும்பி மகளைக் கேட்டார்.

"புருஷன் செத்த பிறகு உசுரோட இருக்கற பொம்பளைப்பா," என்றாள் தீபிகா அடுப்படியிலிருந்து.

அவர் திரும்பியபோது வாசலில் அவள் இல்லை. அழுது வீங்கிய முகத்தோடு ஓர் இளைஞன் நின்றிருந்தான்.

"ரெண்டு பெட்டி வேணுங்க. காலையில அண்ணனும் அண்ணியும் பைக்ல போறப்ப லாரி மோதிடுச்சு. ரெண்டு பேருமே போயிட்டாங்க. அண்ணி வீட்டுக்காரங்க அவங்களை மட்டும் தனியா ஓசூருக்குக் கொண்டுபோறோம்னு நிக்கறாங்க."

அவன் கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை. அதற்குள் கண்ணாடி வளையல்களோடு ஒற்றைச் செருப்பு, சிவப்பு வார் வைத்தது.

சின்னப்பா டேப்பை எடுத்தார்.

"ஒரே பெட்டி போதும் தம்பி. உங்க அண்ணி இப்பத்தான் வந்து அளவு சொல்லிட்டுப் போனாங்க."