கறுப்புப் புள்ளி கடந்தால்

மின்விசிறி சுழன்று நின்றது. மின்சாரம் போய்விட்டது. கமலாவதியின் விரல் மட்டும் நிற்கவில்லை.

டக்.

அவள் என் மனைவி. கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், தட்டெழுத்தாளர். நரம்பைத் தின்னும் வியாதி வந்து ஒரு வருடம். கால் தளர்ந்தது, கண் மங்கியது, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பிறகு கவனம் போனது. பாதி வரியில் கை நின்றுவிடும்.

லண்டனிலிருந்து அவளுடைய தமையன் ஒரு சின்னக் கணினியும் பயிற்சி பதிந்த கசெற்றும் அனுப்பினார். எங்கள் டிவியில் பொருத்தினேன். வெள்ளைத் திரையில் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்து போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை பொத்தானை அழுத்த வேண்டும். இருபதுக்குப் பதினெட்டுப் பிடித்தால் திரும்ப வேலைக்குப் போவது என்று எங்களுக்குள் தீர்மானம்.

"மூலைக்குள்ளை கிடந்து சாகமாட்டன்" என்று பிடிவாதம் பிடித்தவள், ஒருநாளும் பதினொன்றைத் தாண்டவில்லை.

அன்று ஊரடங்கின் மூன்றாம் நாள். கொக்குவில் தெருக்களில் ஈ காக்கை இல்லை. காலையில் இருந்து பயிற்சிதான்.

டக். டக்.

திரை இருண்டு கிடந்தது. அவளோ அதையே உற்றுப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

வியாதி கடைசியில் புத்தியிலும் கைவைத்துவிட்டது என்று நினைத்தேன். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? பக்கத்தில் குனிந்து தோளைத் தொட்டேன்.

அப்போதுதான் இருண்ட திரையின் கண்ணாடியைப் பார்த்தேன்.

எங்களுக்குப் பின்னால் இருந்த யன்னல் அதில் தெரிந்தது. வெள்ளை வானம். மதிலுக்கு அப்பால் ரயில் பாதை மேடு. பத்து நாளாக ரயில் இல்லை.

மேட்டில் ஒரு தலை போனது. டக். அளந்துவிட்டதுபோல இடைவெளி விட்டு இன்னொன்று. டக்.

தலைகளில் இரும்புத் தொப்பி இருந்தது.

திரும்பிப் பார்க்கப் பயம். அவளை இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்திருக்க வேண்டும். நானோ எண்ணிக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு. பதின்மூன்று. ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. வெட்கக்கேடு, எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பதினேழு.

விரல் அந்தரத்தில் நின்றது.

"இஞ்சாருங்கோ," என்றாள், கண்ணை எடுக்காமல். "இது கடந்து போகேல்லை. நிண்ட இடத்திலேயே பெரிசாகுது. அமத்தட்டோ?"